அறக்குளா என்று கூவி சூரை விற்காதீர்கள்: ஒன்லைன் கேமுக்குப் பெயர் வைக்கும் வேலை

கல்முனைச் சந்தையில் மீன் வாங்கப் போகிறவர்கள் முதலில் காதால்தான் வாங்குகிறார்கள். "அறக்குளா, அறக்குளா" என்று குரல் வந்தால்தான் கால் அந்தப் பக்கம் திரும்பும். கிட்டப் போய்ப் பார்த்தால் தட்டில் சூரை துண்டு போட்டுக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரை கெட்ட மீன் இல்லை. கொறுக்காய்ப் புளி போட்டு ஆணம் வைத்தால் இன்னொரு கோப்பை சோறு கேட்கும். ஆனால் அறக்குளா பொரிக்கலாம் என்று வந்தவருக்கு அது ஏமாற்றம். சூரையையும் குறை சொல்வார், விற்றவரையும் குறை சொல்வார், வீட்டுக்குப் போய் அக்கம்பக்கத்திலும் சொல்வார். மறுநாள் அதே தட்டில் நல்ல அறக்குளா கிடந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

நான் பார்க்கும் வேலை அந்தக் கூவல்தான். வெளிநாட்டு ஸ்டூடியோக்கள் செய்யும் ஒன்லைன் கேம்களுக்குக் கூகுள் பிளேயிலும் ஸ்டீமிலும் போகும் பெயர், ஒருவரி விளக்கம், டேக், படத்துக்குக் கீழே வரும் எழுத்து, பிறகு விளையாட வந்தவர்களின் கேள்விக்குப் பதில். எல்லாம் சாய்ந்தமருதில் வீட்டு முன்னறையில் இருந்துதான். ஒலுவிலில் பட்டம் முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கும் தம்பிமாரும், கல்யாணத்துக்குப் பிறகு வெளியூர் வேலைக்குப் போக முடியாத தங்கைமாரும் "இந்த வேலைக்கு எப்படி வாறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோடிங் பற்றி இதில் ஒன்றும் இல்லை. ஒரு கேமை என்ன வகை என்று சொல்லி அழைப்பது என்பதைப் பற்றி மட்டும்தான். அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது.

முதலில் ஒரு சம்பவம். 2020 செப்டெம்பர் 2 அன்று இந்திய அரசு பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. இரண்டே நாளில் பெங்களூரின் என்கோர் கேம்ஸ் நிறுவனம் 'ஃபௌ-ஜி' என்றொரு கேமை அறிவித்தது. நடிகர் அக்‌ஷய் குமார் அதன் முகமாக நின்றார். பெயரின் ஓசை பப்ஜியின் ஓசை. அறிவித்த நேரம் பப்ஜி போன நேரம். விளக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் கேட்டவர்கள் மனத்தில் 'பப்ஜிக்குப் பதில் வருகிறது' என்ற லேபிள் தானாக ஒட்டிக்கொண்டது. நம் கரையோரப் பையன்களும்கூட அதைப் பற்றித்தான் கதைத்தார்கள், இலங்கையில் பப்ஜிக்குத் தடை எதுவும் இல்லாத அந்த நேரத்திலும். லட்சக்கணக்கானோர் முன்பதிவு செய்தார்கள்.

2021 ஜனவரி 26, இந்தியக் குடியரசு தினத்தில் கேம் வெளியானது. திறந்து பார்த்தால் கல்வான் பள்ளத்தாக்கில் ஒரு படைவீரர் கையாலும் கையில் கிடைத்ததாலும் எதிரிகளோடு மோதும் தனியாள் கதை. விமானத்தில் இருந்து குதிக்கும் தீவு இல்லை, ஸ்குவாட் இல்லை, கூட்டாளியை லொபிக்குள் இழுக்க வழி இல்லை. சில நாட்களுக்குள் பிளே ஸ்டோர் மதிப்பீடு சரிந்தது. அந்த ஒரு நட்சத்திர ரிவியூக்களை நான் உட்கார்ந்து வாசித்தேன். கிராபிக்ஸ் பற்றியும் சண்டையின் தரம் பற்றியும் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் திரும்பத் திரும்ப வந்தது ஒரே கேள்வி: மல்டிபிளேயர் எங்கே? அறக்குளா கேட்டு வந்தவர்கள் சூரையைப் பார்த்து நின்ற கோபம் அது. அணி அணியாக மோதும் முறை மாதங்கள் கழித்துத்தான் சேர்ந்தது. அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

நேர்மாறான கதையும் உண்டு. ஃபோர்ட்நைட் 2017 ஜூலையில் வந்தபோது அது அரக்கர்களுக்கு எதிராகக் கோட்டை கட்டும் கேம், காசு கொடுத்து வாங்க வேண்டியது. அந்த வருடம் மார்ச்சில் வெளிவந்த பப்ஜி உலகத்தையே ஆட்டிக்கொண்டிருந்தது. எபிக் நிறுவனம் செப்டெம்பரில் அதே கேமின் உறுப்புகளை வைத்து, பப்ஜி பாணியில், கடைசிவரை மிஞ்சுகிறவர் வெல்லும் இலவச பேட்டில் ரோயல் ஒன்றை விட்டது. கோட்டை கட்டும் கேமை இன்று பலருக்கு ஞாபகமே இல்லை. ஆனால் கவனியுங்கள்: அவர்கள் 'பேட்டில் ரோயல்' என்று பெயரில் போட்டார்கள், உள்ளே பேட்டில் ரோயலே இருந்தது.

பெயர் வைப்பது ஸ்டூடியோ, நிலைக்க வைப்பது வாய்

வோர்கிராஃப்ட் 3 என்ற கேமின் மேல் ரசிகர்கள் கட்டிய 'டோட்டா' என்ற மோட் பெரிய பிரபலம். அதே பாணியில் ரயட் கேம்ஸ் 2009 ஒக்டோபரில் லீக் ஒஃப் லெஜெண்ட்ஸை விட்டபோது, அந்த வகைக்கு 'மோபா' என்ற பெயரைப் பரப்பியது. பல பேர் ஒன்லைனில் மோதும் களம் என்று பொருள். டோட்டா 2-ஐச் செய்த வால்வுக்குப் போட்டியாளர் பரப்பிய பெயரைச் சுமக்க விருப்பமில்லை. 'அக்‌ஷன் ஆர்டிஎஸ்' என்றார்கள். பிளிசார்ட் 2015இல் ஹீரோஸ் ஒஃப் த ஸ்டோர்மை விட்டபோது 'ஹீரோ பிரோலர்' என்றது. மூன்றும் பெரிய நிறுவனங்கள், மூன்றுக்கும் விளம்பரப் பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அக்கரைப்பற்றில் மொபைல் லெஜெண்ட்ஸ் ஆடும் பையனிடம் கேட்டுப் பாருங்கள், 'மோபா' என்பான். மற்ற இரண்டையும் அவன் கேட்டிருக்க மாட்டான்.

இதிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டிய பாடம் சிறியது, ஆனால் சம்பளம் தருவது. ஸ்டூடியோ உங்களிடம் புதுசாக ஒரு வகைப் பெயர் உண்டாக்கச் சொன்னால், ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே என்ன சொல்லித் தேடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். அவர்கள் தேடாத சொல்லை ஸ்டோரில் போட்டால் கேம் இருட்டறையில் இருக்கும். வகைப் பெயர் பிறப்பதற்கு முன் மக்கள் 'அது மாதிரி' என்றுதான் சொல்வார்கள். முதல் நபர் சுடும் கேம்களை 1990களில் 'டூம் குளோன்' என்றே அழைத்தார்கள், 1993இல் வந்த டூம் அவ்வளவு பெரிது. நம் பையன்கள் எந்தப் பேட்டில் ரோயலைப் பார்த்தாலும் "பப்ஜி மாதிரி ஒண்டு" என்கிறார்களே, அதே பழக்கம். அந்த 'மாதிரி'யைக் காதில் வாங்கி எழுதி வைப்பதுதான் சந்தை ஆய்வின் முதல் நாள். இதற்கு எந்தப் பட்டமும் வேண்டாம்.

சில நேரம் புதுப் பெயர் தேவைப்படும். 2005 ஏப்ரலில் கில்ட் வோர்ஸ் வந்தபோது ஒன்லைனில் பெருங்கூட்டமாக ஆடும் கேம் என்றால் மாதச் சந்தா என்பதுதான் எல்லோர் மனத்திலும். முந்திய வருடம் வந்த வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் மாதம் சுமார் 15 டொலர் கேட்டது. கில்ட் வோர்ஸுக்குச் சந்தா இல்லை. ஊர்களில்தான் எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்கலாம். சண்டைக் களத்துக்குள் போனதும் உங்கள் குழுவுக்கு மட்டும் தனி உலகம். அதனால் அரீனாநெட் 'எம்எம்ஓ' என்ற லேபிளைத் தவிர்த்து, போட்டிமுறை ஒன்லைன் ரோல்-பிளே கேம் என்று தனிப் பெயர் வைத்தது. அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அது ஒரு வேலை செய்தது: "மாதாமாதம் காசு கேட்பார்களோ" என்ற பயத்தை வாசலிலேயே எடுத்துப் போட்டது. காரணம் இவ்வளவு தெளிவாக இருந்தால் மட்டும் புதுப் பெயருக்குப் போங்கள்.

மல்டிபிளேயர் என்றால் ஆள் இருக்க வேண்டும்

தனியாள் கேமின் லேபிள் கேமைப் பற்றிய வாக்கு. மல்டிபிளேயர் லேபிளில் இன்னொரு வாக்கும் ஒளிந்திருக்கிறது: உள்ளே போனால் வேறு மனிதர்கள் இருப்பார்கள். இதை மறந்தால் நல்ல கேமும் செத்துப்போகும். இந்தத் துறையில் நான் அதிகம் கண்ட தவறும் இதுதான், நானே செய்ததும் இதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய ஐரோப்பிய ஸ்டூடியோவுக்கு ஸ்டோர் பக்கம் எழுதினேன். தோட்டம் போட்டு, வீடு கட்டி, பக்கத்து வீட்டாரோடு பண்டமாற்றுச் செய்யும் அழகான கேம். முதலாளி 'எம்எம்ஓ' என்று போடச் சொன்னார். அந்தச் சொல்லைத் தேடுகிறவர்கள் அதிகம் என்பது அவர் கணக்கு. நானும் போட்டேன். வெளியான வாரம் கூட்டம் வந்தது. ஆனால் சேர்வர்கள் பலவாகப் பிரிந்து கிடந்ததால் ஒவ்வொன்றிலும் எந்நேரமும் ஏழெட்டுப் பேர்தான். "கிராமம் அழகு, என்னைத் தவிர ஆளில்லை" என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பிறகு வந்த ரிவியூ எல்லாம் அந்த வரியின் பேரப்பிள்ளைகள். மூன்று மாதம் கழித்து அந்த லேபிளைக் கழற்றிவிட்டு '2 முதல் 4 பேர் சேர்ந்து ஒரு கிராமம்' என்று மாற்றினோம். கேமில் ஒரு வரி கோட் மாறவில்லை. வந்தவர்கள் தங்கள் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், வெறுமை பற்றிய முறைப்பாடு நின்றது. முதல் நாளே மறுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்த ஸ்டூடியோவாக இருந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஒருவர் உள்ளே வந்தால் எத்தனை பேரைப் பார்ப்பார்?

பெரிய இடங்களிலும் நடக்கும். சோனி 2024 ஓகஸ்ட் 23 அன்று 'கொன்கோர்ட்' என்ற ஹீரோ ஷூட்டரை (ஆளுக்கொரு திறனுள்ள பாத்திரமாகச் சுடும் கேமை) 40 டொலருக்கு விட்டது. 'ஹீரோ ஷூட்டர்' என்ற லேபிள் அதை எந்தத் தட்டில் வைத்தது தெரியுமா? இலவசமாகக் கிடைக்கும் ஓவர்வொச் 2, வலரன்ட் பக்கத்தில். அங்கே நின்று 40 டொலர் கேட்டால் வருகிறவர் குறைவு. ஆள் குறைந்தால் போட்டிக்கு ஆள் சேர நேரம் எடுக்கும். காத்திருந்து அலுத்தவரும் போய்விடுவார். செப்டெம்பர் 6 அன்று கேமை இழுத்து மூடி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம். அதைச் செய்த ஸ்டூடியோவும் அந்த ஒக்டோபரில் மூடப்பட்டது. லேபிளை எழுதும்போது அது உங்களை யார் பக்கத்தில் உட்கார வைக்கிறது என்று பார்ப்பது விலையைப் பார்ப்பது போலவே முக்கியம்.

நோ மேன்ஸ் ஸ்கை கதையும் சொல்ல வேண்டியது. 2016 ஓகஸ்டில் வெளியான முதல் நாட்களிலேயே, ஒருவரையொருவர் சந்திக்கலாம் என்று நம்பி, இரண்டு பேர் அதன் உலகில் ஒரே இடத்துக்குப் போய் நின்றார்கள். ஒருவருக்கு மற்றவர் தெரியவில்லை. பிரிட்டிஷ் விளம்பரத் தர ஆணையம் அதன் ஸ்டீம் பக்கத்தை விசாரித்து, விளம்பரம் தவறானதல்ல என்று அந்த நவம்பரில் முடிவு சொன்னது. ஆட்டக்காரர்கள் அந்த முடிவைக் கண்டுகொள்ளவில்லை. உண்மையான மல்டிபிளேயரை 2018 ஜூலையில் சேர்த்த பிறகுதான் மனம் இளகினார்கள்.

இங்கே நம் ஊர்க்காரருக்கு ஒரு தனி அனுகூலம் உண்டு. கேம் உலகம் எந்நேரம் நிறைகிறது என்பது ஐரோப்பாவில் இருப்பவருக்குத் தெரியாது. இஷா தொழுது வந்து ஒன்பது மணிக்குத்தான் நம் பிள்ளைகள் லொபிக்கு வருவார்கள். நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்து சஹர் வரை கஸ்டம் ரூம் நிரம்பி வழியும். பகலில் ஈ ஆடாது. ஸ்டூடியோ போட்டியைத் தன் ஊர் நேரத்தை மட்டும் பார்த்து வைத்தால் இங்கே அது தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் வந்து விழலாம். நேர்முகத்தில் இதைச் சொல்லுங்கள். தெற்காசியா, மத்திய கிழக்கு ஆட்டக்காரரின் நாள்காட்டியை அறிந்தவர் என்பது அவர்கள் காசு கொடுத்து வாங்கும் அறிவு.

எண்பது எழுத்து

இனி கைவேலை. கூகுள் பிளேயில் கேமின் பெயருக்கு 30 எழுத்து, குறுவிளக்கத்துக்கு 80 எழுத்து. 2021 முதல் பெயரில் 'இலவசம்', 'சிறந்தது', 'முதலிடம்' போன்ற தற்பெருமைகளைக் கூகுள் அனுமதிப்பதில்லை. ஸ்டீமில் 2014 பெப்ரவரியில் டேக் முறை வந்தது. ஆட்டக்காரரும் ஸ்டூடியோவும் ஒட்டும் டேக்கில் 20 வரை பக்கத்தில் தெரியும். அந்த டேக்கைப் பார்த்துத்தான் ஸ்டீம் உங்கள் கேமை யாருக்குக் காட்டுவது, எந்தக் கேமின் அருகில் வைப்பது என்று தீர்மானிக்கிறது. 'அக்‌ஷன்' என்ற டேக் கடலில் ஒரு துளி உப்பு. குறுகிய, துல்லியமான டேக்கை மேலே ஏற்றுங்கள்.

தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு பொறி இருக்கிறது. கணினி நம்மைப் போல எழுத்தை எண்ணுவதில்லை. 'கூட்டாளி' நமக்கு நாலு எழுத்து. கணினிக்கு க, அதன் குறி, ட, அதன் புள்ளி என்று எட்டு. ஆங்கிலத்தில் 80 என்றால் ஒரு முழு வாக்கியம். தமிழில் அது ஏறக்குறைய பாதிதான். ஆங்கிலக் குறுவிளக்கத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் பெட்டி சிவப்பாகும். மொழிபெயர்க்காதீர்கள், தமிழில் புதிதாகக் கூவுங்கள்.

வகைச் சொல்லைத் தமிழாக்குவதிலும் இதே புத்தி வேண்டும். 'கோ-ஒப்' என்பதை ஒரு மொழிபெயர்ப்பாளர் 'கூட்டுறவு' என்று போட்டிருந்தார். நம் பக்கத்தில் கூட்டுறவு என்றால் அரிசியும் சீனியும் வாங்கும் சங்கக் கடை. 'சேர்ந்து ஆடலாம்' என்று மாற்றிக் கொடுத்தேன். பேட்டில் ரோயலைத் தமிழாக்க முயலவே வேண்டாம். ஆட்டக்காரர் அந்தச் சொல்லால்தான் தேடுகிறார். ஆனால் அமங் அஸ் போன்ற கேமின் வகையை ஆங்கிலத்தில் சொன்னால் நம் வீட்டில் யாருக்கும் விளங்காது. "கள்ளன் பொலிஸ் மாதிரி, யார் கள்ளன் எண்டு கண்டுபிடிக்கணும்" என்று தம்பி சொன்னதும் என் உம்மாவுக்கே விளங்கிவிட்டது. 2018இல் வெளியாகி இரண்டு வருடம் யாரும் கவனிக்காமல் கிடந்த கேம் அது. 2020இல் ஸ்ட்ரீமர்கள் ஆடிக் காட்டியபோது ஆட்டமே தன்னை விளக்கிவிட்டது.

டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் விட்ட 'வெண்பா'வை மறக்காமல் பாருங்கள். மல்டிபிளேயர் இல்லை, சின்ன கேம். 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்த் தாய், அழிந்துபோன சமையல் குறிப்புகளை மீட்டெடுப்பதுதான் ஆட்டம். கதையோடு ஒரு சமையல் கேம் என்று நாலு சொல்லில் முடியும் லேபிள். வந்தவர்கள் என்ன கிடைக்கும் என்று தெரிந்து வந்தார்கள், அதுவே கிடைத்தது. 2024இல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருது அதற்குத்தான்.

சில லேபிள்களைத் தொடாதீர்கள்

'இலவசம்' என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. உள்ளே போனதும் பிள்ளைகளிடம் காசு கறக்கும் கேம்களை இலவசம் என்று சொல்வது பற்றி ஐரோப்பிய ஆணையம் 2014இல் கூகுளையும் அப்பிளையும் கேள்வி கேட்டது. அந்த நவம்பரில் அப்பிள் தன் 'ஃப்ரீ' பொத்தானை 'கெட்' என்று மாற்றியது. 2020இல் அமெரிக்காவின் கேம் தரமிடும் சபை, காசு கொடுத்தும் என்ன வரும் என்று தெரியாத பெட்டிகள் உள்ள கேம்களுக்குத் தனிக் குறிப்பு போட ஆரம்பித்தது. அதே வருடம் செப்டெம்பரில் பிளேரிக்ஸ் நிறுவனத்தின் ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் விளம்பரங்கள் கேமில் உண்மையில் நடப்பதைக் காட்டவில்லை என்று பிரிட்டிஷ் விளம்பரத் தர ஆணையம் தடை விதித்தது. விளம்பரத்தில் ஒரு ஆட்டம், உள்ளே வேறு ஆட்டம். இப்படி ஒரு வீடியோ வெட்டித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்கள் பெயரும் அதோடு சேர்ந்து கெடும்.

இதைவிடக் கனமானது 'திறமை விளையாட்டு' என்ற லேபிள். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் காசுக்கு ஆடும் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவை திறமை விளையாட்டு என்று சொல்லி அந்தப் பட்டியலை நீக்கியது. ஒரு சொல், அதன் மேல் ஒரு பெரிய வியாபாரமே நின்றது. 2025 ஓகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் புதுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி அந்த வாதத்தையே ஓரமாக வைத்தது: ஈ-ஸ்போர்ட்ஸ் ஒன்று, பணமில்லாத சமூக விளையாட்டு ஒன்று, பணம் கட்டிப் பணம் வெல்லும் விளையாட்டு ஒன்று. திறமையோ அதிர்ஷ்டமோ, மூன்றாவது வகைக்குத் தடை, அதை விளம்பரப்படுத்துவதும் குற்றம். தமிழ் தெரிந்த எழுத்தாளர் வேண்டும் என்று நல்ல சம்பளத்தோடு வரும் சில அழைப்புகள் இந்த மூன்றாவது வகையில் இருந்துதான் வருகின்றன. லேபிளைக் கேட்காதீர்கள், காசு எந்தப் பக்கம் போகிறது என்று கேளுங்கள். ஆடுகிறவர் காசு கட்டி, தோற்றால் இழந்து, வென்றால் எடுக்கிறாரா? நம் ஊரில் அதற்கு நேரான சொல் சூது. அந்தச் சம்பளத்தில் வீட்டுக்கு அரிசி வாங்க என் வாப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கே ஆரம்பிப்பது

சான்றிதழ் தேடி அலைய வேண்டாம். ஐம்பது ரிவியூவுக்குக் குறைவான மூன்று மல்டிபிளேயர் கேம்களை ஸ்டீமிலோ கூகுள் பிளேயிலோ எடுங்கள். எல்லா ரிவியூவையும் வாசியுங்கள். "இதை நான் ... என்று நினைத்தேன்" என்ற வரி எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் கோடு போடுங்கள். நினைத்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியில்தான் உங்கள் வேலை இருக்கிறது. பிறகு ஒரு பக்கத்தில், இப்போதைய ஒருவரி விளக்கம், அதில் உடைந்த வாக்கு எது, நீங்கள் எழுதும் மாற்று, தமிழ் வடிவம் என்று எழுதி ஸ்டூடியோவுக்கே அனுப்புங்கள். பத்துக்கு ஒன்று பதில் போட்டாலே நல்லது. எனக்கு முதல் வேலை அப்படித்தான் வந்தது. இரண்டு நாள் வேலை, பிறகு மாதா மாதம்.

'கம்யூனிட்டி மனேஜர்', 'ஸ்டோர் பக்க எழுத்து', 'மொழிச் சோதனை', 'மொடரேட்டர்' என்ற பெயர்களில் வேலையைத் தேடுங்கள். சம்மாந்துறையிலோ ஒலுவிலிலோ படிக்கும் கூட்டாளி கேம் செய்கிறாரென்றால் அவரோடு சேருவதும் நல்ல வழி. கூகுள் பிளேயில் புதுத் தனிநபர் கணக்கு வைத்திருப்பவர் கேமை வெளியிடுமுன் குறைந்தது 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டும். பதிவுக் கட்டணம் ஒரே தடவை 25 டொலர். ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டொலர். அந்த 12 பேரைத் திரட்டி, அவர்கள் கேமை என்ன வகை என்று சொல்கிறார்கள் என்று குறிப்பெடுப்பவர் நீங்களாக இருங்கள்.

பணம் பற்றி வெட்கப்படாமல் முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள். பேபாலில் பணம் பெறும் வசதி இலங்கையில் நீண்ட காலம் திறக்கப்படாமலே இருந்தது. பேயோனியர், நேரடி வங்கி மாற்று என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். எத்தனை தடவை திருத்தம், எத்தனை நாளில் பணம் என்று இரண்டு வரியிலாவது எழுத்தில் வாங்குங்கள். 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டுக்குச் செய்யும் சேவை வருமானத்துக்கும் உச்சமாக 15 வீதம் வருமான வரி உண்டு. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாவைத் தாண்டினால் கணக்கு வையுங்கள்.

போன மாதம் நிந்தவூர்ப் பையன் ஒருவர், கூட்டாளிகளோடு செய்யும் கேமுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினார். நாலு பேர் ஒரு தோணியில் ஏறி, புயல் வருமுன் வலையை இழுத்து, கரைக்கு வர வேண்டும்; ஒருவர் பிழைவிட்டால் எல்லோரும் தண்ணீரில். முதல் வரியில் 'புரட்சிகர எம்எம்ஓ அனுபவம்' இருந்தது. திருப்பி அனுப்பினேன். இரண்டாவதில் 'பேட்டில் ரோயல்' இருந்தது, சண்டையே இல்லாத கேமுக்கு. அதையும் திருப்பினேன். மூன்றாவது இது: "4 கூட்டாளிகள் ஒரே தோணியில்: புயலுக்கு முன் வலையை இழுத்துக் கரை சேருங்கள்." எத்தனை பேர், சேர்ந்தா மோதியா, என்ன செய்ய வேண்டும், என்ன ஆபத்து, எல்லாம் வந்துவிட்டது. கணினிக் கணக்கில் 73.

"காக்கா, ஏழு மிச்சம் இரிக்கி, என்ன செய்ற?" என்று கேட்டார். டேட்டா இல்லாமல் கேம் திறக்குமா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியென்றால் அதையும் சொல்ல வேண்டும், ரீலோட் போட முடியாத பிள்ளை இறக்கிவிட்டு ஏமாறக் கூடாது என்றேன். அரை மணி நேரத்தில் முற்றுப்புள்ளியை எடுத்து, நடுவில் இருந்த குறியை முன்னுக்கு நகர்த்தி அனுப்பினார்: "ஒன்லைன்: 4 கூட்டாளிகள் ஒரே தோணியில் புயலுக்கு முன் வலையை இழுத்துக் கரை சேருங்கள்". எண்ணிப் பார்த்தேன். சரியாக 80.